அவள் பெயரில் படித்தவள்

என்னிடம் ஒரு ஜெராக்ஸ் தாள் இருக்கிறது. ஏழு பெயர்கள், எதிரே ஏழு குறிப்புகள். மூலத்தில் பெயர்கள் நீல மையிலும் குறிப்புகள் பச்சை மையிலும் இருந்தன. நகலில் எல்லாமே ஒரே கறுப்பு. ஐந்தாவது பெயருக்கு எதிரே "தெளிவாக, தடையின்றி வாசிக்கிறாள். மிக நன்று" என்று எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்திருக்கிறது. மற்ற ஆறு பேருக்கும் அந்தக் கோடு கிடையாது. நான் எதையும் தேதி, கிழமையோடு எடுத்து வைக்கிறவன். நெய்வேலிக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து எழுதிய டைரிகள் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. டவுன்ஷிப் பஸ் நேரம் மாறிய நாள், எங்கள் பிளாக்கில் வேப்பமரம் சாய்ந்த நாள், சுரங்கத்துக்காக ஒரு ஊர் காலியான வாரம் எல்லாம் அவற்றில் உண்டு. இந்தத் தாளை மட்டும் டைரிக்குள் வைக்க மனம் வரவில்லை. ஒரு பழைய அகராதியின் நடுவில் தனியாகக் கிடக்கிறது.

அந்த ஐந்தாவது பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை அந்தப் பெயரை அவளிடமிருந்து எடுத்து இன்னொருத்தியிடம் கொடுத்தவன் நான். மறுபடியும் அதைக் கையாள எனக்கு உரிமையில்லை.

டவுன்ஷிப்பின் கடைசி பிளாக்கைத் தாண்டி, கிராமங்கள் தொடங்கும் இடத்தில் எங்கள் தொடக்கப்பள்ளி இருந்தது. அரசு உதவி பெறும் பள்ளி. சுரங்கக் கம்பெனியின் பெர்மனென்ட் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு டவுன்ஷிப்புக்கு உள்ளே பெரிய பள்ளிகள் இருந்தன. எங்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் காண்ட்ராக்ட் தொழிலாளர்களின் பிள்ளைகளும், நிலத்தைக் கொடுத்துவிட்டு வீடு மாறி வந்த குடும்பத்துப் பிள்ளைகளும்தான். ஐந்தாவது பெயருக்கு உரிய இவள் இரண்டிலும் சேர்த்தி. எங்களிடம் வருவதற்கு முன்பே இரண்டு பள்ளிகள் மாறியிருந்தாள். அப்பா திருப்பூரில் இருந்தார். அம்மா மின்நிலையத்தில் காண்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கும் வேலை. நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியர். பெண் கணக்கில் படுசூட்டிகை. யாருடைய அப்பா எந்த ஷிஃப்ட், யார் வீட்டில் இன்று பகலில் சத்தம் போடக்கூடாது என்பதுவரை அவளுக்கு அத்துப்படி. புத்தகத்தைத் திறந்தால் மட்டும் அவள் முகம் வேறாகிவிடும். அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றியும், அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் வழிகள் இருப்பதைப் பற்றியும் பின்னாளில் நிறையப் படித்தேன். அப்போது எனக்குத் தெரிந்த ஒரே சொல் "மெல்லக் கற்போர்". பதிவேட்டில் அதற்கென்று ஒரு பத்தி இருந்தது, எழுதி மூடிவிடுவோம்.

ஆண்டாய்வு என்றால் எங்களுக்கு மூன்று வாரத் திருவிழா. நடைபாதைக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். பரணில் இருக்கும் சார்ட்டுகள் தூசி தட்டப்பட்டுச் சுவருக்கு வரும். தண்ணீர்த் தொட்டி கழுவப்படும், கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வரும். இவையெல்லாம் ஆய்வு இல்லாவிட்டால் நடந்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த மூன்று வாரமும் வகுப்பில் பாடம் நடக்காது. ஆண்டு முழுவதும் எழுதியிருக்க வேண்டிய பாடக்குறிப்புகளை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்போம். நாள், கிழமை பிசகாமல் டைரி எழுதுகிற நானே பழைய தேதிகளைப் போட்டு எழுதுவேன். ஒரே பேனாவில் எழுதினால் ஒரே மூச்சில் எழுதியது தெரிந்துவிடும் என்று நான்கு பேனாக்களை மாற்றி மாற்றி எழுதும் உபாயத்தை மற்ற ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். அலுவலர்களுக்கும் இது தெரியும். அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், நாங்கள் வடையும் காப்பியும் கொடுப்போம். இரண்டு பக்கமும் மரியாதையாக நடந்துகொள்வோம். ஒருவரை ஒருவர் நம்பமாட்டோம்.

அந்த ஆண்டு வந்த கல்வித்துறை அலுவலர் வேறு மாதிரி. ஆபீசர் அம்மா என்றுதான் அவரைச் சொல்வோம். ஆடி மாதத்தில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பதிவேடுகளைக் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்பில் பிள்ளைகளோடு பெஞ்சில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொன்னார். வாசிக்க வராத ஏழு பேரின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். இவள் முறை வந்தபோது புத்தகத்தைப் பார்த்தபடி பேசாமல் நின்றாள்.

"எழுத்து தெரியலியாம்மா?"

"தெரியுதுங்க. ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு. ஆபீசர் அம்மா சிரிக்கவில்லை. "பொங்கல் கழிச்சு மறுபடியும் வருவேன். அப்ப எனக்கு ரெண்டு வரி படிச்சுக் காட்டு. ரெண்டே ரெண்டு வரி போதும்" என்றார்.

"நீங்களே வருவீங்களா?"

"நானேதான்."

அதற்குப் பிறகு அவள் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. இதை வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அதற்கு முந்தைய மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் வராமல் இருந்தவள். மதியம் சோறு சாப்பிட்டதும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுவாள். நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. வாயில் சோறு இருக்க, "ம், மேல படி" என்று சொன்னதுதான் என் பங்கு. ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே ஆள்காட்டி விரலை ஊன்றி, அது ஓடிவிடாமல் பிடித்துக்கொள்கிறவளைப் போல அழுத்துவாள். அந்த இடமெல்லாம் தாள் மெலிந்துபோயிருந்தது. மார்கழி முடியும்போது இரண்டு வரி வந்துவிட்டது. மெதுவாகத்தான். ஆனால் மனப்பாடம் இல்லை. வேறு பக்கத்தைத் திருப்பிக் காட்டினாலும் இரண்டு வரி வந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து ஆய்வுக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. எங்கள் தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். கெட்டவர் அல்ல. முந்தின ஆண்டு பக்கத்துப் பள்ளி ஒன்றில் வாசிப்பு சரியில்லை என்று மெமோ வந்து, அந்தப் பேச்சு பரவிப் பெற்றோர் பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றி, கடைசியில் ஓர் ஆசிரியர் பணியிடமே போய்விட்டது. அந்தப் பயம் அவருக்கு இருந்தது. எனக்கும் இருந்தது; எண்ணிக்கை குறைந்தால் போகப்போவது என் இடம்தான்.

"ஏழு பேர்ல ஆறு பேரு தேறிட்டாங்க. இந்த ஒண்ணுக்காக மெமோ வாங்கணுமா சார்? வாங்கி பிரேம் போட்டு மாட்டிக்கப் போறீங்களா?" என்றார் பெரிய டீச்சர்.

"ரெண்டு வரி படிக்குது டீச்சர்."

"ரெண்டு வரிக்கு ரெண்டு நிமிஷம் ஆவுது. அதுவரைக்கும் ஆபீசரு மூஞ்சிய யாரு பாத்துக்கினு நிக்கறது? நீங்க நிப்பீங்களா?"

நான்காம் வகுப்பில் நன்றாக வாசிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அதே தெரு, ஏறக்குறைய அதே உயரம். ஆறு மாதத்துக்கு முன் ஒரே ஒருமுறை பார்த்த முகம் ஆபீசர் அம்மாவுக்கு நினைவிருக்காது. அவளை அன்று ஒரு மணி நேரம் என் வகுப்பில் உட்காரவைக்கலாம் என்ற யோசனையைச் சொன்னது பெரிய டீச்சர் என்றுதான் இத்தனை ஆண்டுகளாக எல்லோரும், என் மனைவி உட்பட, நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் மறுத்ததில்லை. சொன்னது நான். எங்கள் பக்கத்தில் இது புதிதும் அல்ல. ஆய்வு நாளில் பிள்ளைகளை வகுப்பு மாற்றி உட்காரவைப்பது, வராத பிள்ளைகளை வீட்டிலேயே இருக்கச் சொல்வது எல்லாம் சார்ட் ஒட்டுவதைப் போலத்தான் நடந்துகொண்டிருந்தது. தவறு என்றே யாருக்கும் தோன்றாத அளவுக்குப் பழகிப்போன வேலை.

முந்தின நாள் மாலை, மணி அடித்த பிறகு அவளை நிறுத்தினேன். "நாளைக்கு நீ லீவு போட்டுக்கோம்மா."

"நாளைக்குத்தான சார் ஆபீசர் அம்மா வர்றாங்க?"

"ஆமா. அதனாலதான். உனக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கிறேன்."

"எனக்கு நல்லாத்தான் சார் இருக்குது."

நான் மேஜை டிராயரைப் பூட்டினேன். பூட்டி முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ரெண்டு வரி வருது சார்" என்றாள். எனக்கு மறந்துவிட்டதோ என்று நினைத்து ஞாபகப்படுத்துகிறவளைப் போல. "தெரியும்மா, போ" என்றேன்.

மறுநாள் காலை நல்ல பனி. பத்தேகால் மணிக்கு ஆபீசர் அம்மா வந்தார். முன்பு எழுதிய அதே தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து விரித்து, ஏழு பெயர்களையும் வரிசையாகக் கூப்பிட்டார். முதல் நான்கு பேரும் தட்டுத் தடுமாறி வாசித்தார்கள். ஐந்தாவது பெயரைக் கூப்பிட்டதும் ஒரு கணம் யாரும் எழவில்லை. அந்தப் பெயர் தனக்கு இன்று தரப்பட்டிருக்கிறது என்பது நான்காம் வகுப்புப் பெண்ணுக்கு நினைவு வர அவ்வளவு நேரம் ஆயிற்று. எழுந்தாள். அலுவலர் காட்டிய பக்கத்தைத் திறந்து ஒரே சீராக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, முழுப் பக்கத்தையும் வாசித்தாள். ஆபீசர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "நீதான எழுத்து நிக்க மாட்டேங்குதுன்னு சொன்னது? இப்ப நின்னுடுச்சா?" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவளும் அதேபோல் தலையசைத்தாள். வகுப்பில் இருந்த மற்ற பிள்ளைகளில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேசக்கூடாது என்று நான் அவர்களிடம் சொல்லிவைக்கவே இல்லை.

காப்பிக்கு உட்கார்ந்தபோதுதான் ஆபீசர் அம்மா விஷயத்தைச் சொன்னார். "வாசிக்க வராத பிள்ளைங்களுக்குன்னே படிச்ச டீச்சர் ஒருத்தங்களை வாரத்துக்கு மூணு நாள் அனுப்பறதுக்குக் கேட்டு வாங்கி வெச்சிருந்தேன் சார். சொல்லப்போனா அந்தப் பொண்ண மனசுல வெச்சுதான் கேட்டேன். இங்க ஒரு பிள்ளை இருந்திருந்தாலும் அனுப்பியிருப்பேன். இப்ப தேவையில்லாமப் போச்சு. வேற ஊருக்கு அனுப்பிடறேன்." என் பக்கம் திரும்பி, "உங்க கிளாஸைப் பார்த்தா இந்த வேலைமேல நம்பிக்கை வருது சார்" என்றார்.

பெரிய டீச்சர் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்போது சொல்லியிருக்கலாம். மெமோவைக் காட்டி மிரட்ட வந்தவர் அல்ல அவர் என்பது அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் தெளிவாகத் தெரிந்துவிட்டது. பிடிக்க வருகிறார் என்று நாங்கள் ஒளித்தோம். அவரோ கொடுப்பதற்காகத் தேடிக்கொண்டு வந்திருந்தார். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "இன்னொரு வடை எடுத்துக்குங்க மேடம்" என்றேன்.

அவர் அந்த ஆண்டு முழுவதும் போகிற பள்ளிகளிலெல்லாம் இவளை உதாரணம் காட்டினாராம். எழுத்தே நிற்காத பெண் ஆறு மாதத்தில் பக்கம் பக்கமாக வாசிக்கிறாள், உங்களால் ஏன் முடியாது என்று கேட்டாராம். அந்தப் பள்ளிகளில் அதற்குப் பிறகு எத்தனை பிள்ளைகளை வீட்டில் இருக்கச் சொன்னார்களோ, எத்தனை பேர் வேறு பெயருக்கு எழுந்து நின்றார்களோ, எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு அவருக்கு மாற்றல் வந்தது. விடைபெற வந்தவர் இவளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அன்று அவள் உண்மையாகவே வரவில்லை. நான் நிம்மதி அடைந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆய்வுக்கு மறுநாள் அவள் வந்து அவள் இடத்தில் உட்கார்ந்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. மதியம் என் மேஜைப் பக்கம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அடுத்த வாரம் பெற்றோர் கூட்டத்தில் பெரிய டீச்சர் ஆய்வறிக்கையைப் படித்தார். ஐந்தாவது பெயரும் குறிப்பும் வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் வேலைச் சீருடையோடு உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா மட்டும் கைதட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் கை ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மனசு கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, காண்ட்ராக்ட் ஆட்களை ஏற்றிப்போகும் வேனுக்காக அவர் நின்றிருந்த இடத்துக்குப் போனேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் பெண்ணை என் வீட்டுக்கு அனுப்புங்கள், நானே வாசிக்கச் சொல்லித் தருகிறேன் என்றேன்.

"எதுக்கு சார்?" என்றார். "ஆபீசர் அம்மாவே எழுதிக் குடுத்துட்டாங்களே, நல்லா படிக்குதுன்னு. படிக்கிற புள்ளைக்கு எதுக்கு சார் மறுபடி சொல்லிக் குடுக்கறீங்க?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "இல்ல, இன்னும் நல்லா வரட்டும்னுதான்" என்றேன்.

"எதுக்குன்னு சொல்லுங்க சார், அனுப்பறேன்."

வேன் வந்துவிட்டது. அலுவலகத் தாளை இந்த ஜனங்கள் இப்படி நம்புகிறார்களே என்று அன்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. காதால் கேட்பதை விட்டுவிட்டு மையை நம்புகிறார்களே என்று டைரியில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். இப்போது படிக்கக் கூச்சமாக இருக்கிறது. அவள் வகுப்பு வகுப்பாக ஏற்றிவிடப்பட்டு எட்டாவதுவரை போனாள். ஒன்பதாவதில் நின்றுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். விசாரிக்கவில்லை.

இப்போது ஆய்வுகள் மாறிவிட்டன. அலுவலர்கள் கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பிள்ளை வாசிப்பதைப் படம் எடுத்து, அங்கேயே மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஆள் மாற்றி உட்காரவைப்பது முன்னைப்போல எளிதல்ல என்கிறார்கள், இருக்கலாம். போன ஆடியில், எதிர்வீட்டுக்குக் குடிவந்த இளம் தகப்பன் ஒருவர் தன் மகளைச் சேர்ப்பதற்காக ஒரு பள்ளியின் ஆய்வு மதிப்பெண்ணைப் போனில் காட்டி, "நீங்க வாத்தியாரா இருந்தவரு, இத நம்பலாங்களா சார்?" என்று கேட்டார். நேரடியான கேள்வி. எண்ணுக்குப் பின்னால் ஒரு நேர்மையான அலுவலர் இருக்கலாம். அவருக்கு முன்னால் என்னைப் போன்ற ஒருவனும் இருக்கலாம். ஆய்வு செய்பவரிடம் உண்மையைச் சொன்னால் உதவி வரும் என்று ஆசிரியர் நம்பாதவரைக்கும் எந்தக் கருவி வந்தாலும் என்ன பயன் என்று ஒரு சொற்பொழிவே ஆற்ற எனக்கு வரும். ஆனால் அவர் கேட்டது ஆமாவா இல்லையா என்று. "விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் காலை அவளுடைய அம்மாவைத் தேடிக்கொண்டு போனேன்.

நிலம் கொடுத்தவர்களுக்கான மாற்றிடக் குடியிருப்பில் அதே வீடு. வயதாகிவிட்டது, ஆனால் பார்த்ததும் தெரிந்துகொண்டார். நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார். பெண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள், கல்யாணமாகிவிட்டது என்றார். "வாட்ஸ்அப்ல வாய்ஸ்தான் அனுப்பும். நாம அனுப்பனாலும் வாய்ஸாத்தான் அனுப்பணும்" என்றார். நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்ததை எல்லாம் விட்டுவிட்டு, அன்று படித்தது உங்கள் பெண் இல்லை என்று சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"அன்னிக்கி சாயங்காலமே. படிச்ச பொண்ணே வூட்டுக்கு வந்து சொல்லிட்டு அழுதுகினு போச்சு."

"அப்ப ஏன் நீங்க ஒண்ணும் கேக்கல?"

"கேட்டனே சார். எதுக்குன்னு ரெண்டு வாட்டி கேட்டனே." குரல் உயரவே இல்லை. "ஆபீசரு எழுதியிருக்கறப்ப, கூட்டுற பொம்பள நானு போயி அது இல்லன்னா யாரு நம்புவாங்க? நீங்க சொன்னாதான் ஆவும். வேன் வர்ற வரைக்கும் பாத்துகினு நின்னேன். நீங்க வாட்ச்ச பாத்தீங்க."

மோர் டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. போனை எடுத்து அழுத்தி, "ஸ்கூல் சார் வந்துகீறாருடி. மூணாங்கிளாஸ் சாரு. உங்கிட்ட பேசணுமாம்" என்று சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார். "எங்கிட்ட சொன்னத அவகிட்டயும் சொல்லிடுங்க."

அவள் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. "சொல்லுங்க சார்" என்றாள். முதலிலிருந்து சொன்னேன். யோசனை என்னுடையது என்பதைச் சொன்னேன். அவளுக்காக வரவிருந்த டீச்சரைப் பற்றிச் சொன்னேன். அது அவளுக்கு அதுவரை தெரியாது. சொல்லி முடித்த பிறகு மெஷின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கி நான் எந்தப் பாடம் சார் படிச்சேன்?" என்று கேட்டாள்.

அந்த நாளின் டைரிப் பக்கம் எனக்கு மனப்பாடம். பனி பெய்தது இருக்கிறது. ஆபீசர் அம்மா வந்த நேரமும் போன நேரமும் இருக்கின்றன. வடை ஆறிப்போனதுகூட இருக்கிறது.

"தெரியலம்மா" என்றேன்.